முந்நூறு பன்னும் நாலு ஊழியரும்

அடுப்புக்குள் முந்நூறு பன் வெந்துகொண்டிருந்தது. எடுக்க வேண்டிய நாலு பேரும் தெருவில் நின்றார்கள்.

நாலு பேரில் மூத்தவர் மேஸ்திரி தவசிக்கண். போன வாரம்தான் ஒரு ஈடு பன்னைக் கருக்கியிருந்தார். “இன்னொரு ஈடு கருகிச்சுன்னா வேற பேக்கரி பாத்துக்கிடும்” என்று முதலாளி சொல்லியாச்சு. இன்றைய பன் பள்ளிக்கூட விளையாட்டு விழாவுக்கு.

காலையில் எவனோ ஒருத்தன் செல்போனுக்குச் சார்ஜ் போட அடுப்பறைக்குள் புகுந்து, சீனியை ஒரு கை அள்ளித் தின்றுவிட்டுப் போனான். முதலாளிக்கு வந்ததே கோபம். ‘ஊழியர் தவிர யாரும் உள்ளே வரக்கூடாது’ என்று அடுப்பறையின் தெருவாசலில் போர்டு மாட்டினார்.

“ஊழியர்னா யாரு முதலாளி?” தவசிக்கண் பணிவாய்க் கேட்டார்.

“வேலை செய்யிறவன்வே! சும்மா நிக்கிறவன்லாம் ஊழியரா? போர்டுல உள்ளபடி நடக்கணும்.”

சொல்லிவிட்டு மைதா வாங்கப் போய்விட்டார்.

பன் அடுப்புக்குள் போயிற்று. இனிக் கால் மணி நேரம் வேலை இல்லை. கொம்பையா மூட்டைமேல் உட்கார்ந்தான்.

“ஏலே, சும்மாதானே இருக்க? நீ ஊழியர் இல்லையே” என்றான் மாசானம்.

நியாயம்தான். கொம்பையா வெளியே போனான். சொன்னவனும் சும்மாதான் நின்றான், அவனும் போனான். தட்டைக் கழுவி முடித்ததும் இசக்கியும் போய் வாசலில் நின்றான்.

“நான் அடுப்பைப் பாத்துக்கிட்டிருக்கேன்லா?” என்றார் தவசிக்கண்.

“பாக்கிறது வேலையா அண்ணாச்சி?” வாசலிலிருந்து இசக்கி கேட்டான். “சினிமா பாக்கிறவனுக்கு யாரு சம்பளம் குடுக்கா?”

தவசிக்கண் யோசித்தார். செருப்பை மாட்டிக்கொண்டு வெளியே வந்தார்.

கொஞ்ச நேரத்தில் வாசம் கிளம்பியது. தவசிக்கண் செருப்பைக் கழற்றினார்.

“போய் எடுத்துருவோம்டே.”

“எடுக்கையில ஊழியர்தான் அண்ணாச்சி. அடுப்பு வரைக்கும் நடக்கையில?” என்றான் இசக்கி.

கொம்பையா விளக்குமாற்றை எடுத்தான். வாசற்படியிலிருந்தே கூட்டிக்கொண்டு போனான். அடுப்பு வரை ஊழியராகவே போய்ச் சேர்ந்தான். கதவைத் திறக்க விளக்குமாற்றைக் கீழே வைத்தான்.

“ஏலே, கை சும்மா இருக்கு! வெளிய வா!” மூன்று பேரும் அலறினார்கள். ஓடி வந்துவிட்டான்.

அந்நேரம் பன் வாங்க வந்தார் பி.டி. டீச்சர் எஸ்தர் பாக்கியம்.

“என்ன அது, தீயப்போகுது?”

“பன்னுதான் டீச்சர். எடுக்க ஊழியர் இல்ல.”

நாலு பேரையும் ஒரு தள்ளுத் தள்ளிவிட்டு உள்ளே போனார். சாக்கைக் கையில் சுற்றிக்கொண்டு தட்டுகளை இழுத்துப் போட்டார்.

“அவங்க ஊழியரா அண்ணாச்சி?” மாசானம் கேட்டான்.

“வேலை செய்யிறாங்கல்லா.”

வாசலில் தொங்கிய வருகைப் பதிவேட்டில் டீச்சர் பெயரை எழுதினார்கள். தங்கள் பெயரை அடித்தார்கள்.

முதலாளி வந்து சேர்ந்தார். உள்ளே போகக் காலை எடுத்தார். தவசிக்கண் குறுக்கே நின்றார்.

“கோவிச்சுக்கிடாதீங்க முதலாளி. இப்ப நீங்க சும்மா நிக்கீங்க.”

“இது என் கடைவே!”

“போர்டும் உங்க போர்டுதான்.”

முதலாளி கத்தினார். கத்துவது வேலையில் சேர்த்தியா என்று கொம்பையா ஆரம்பித்தான். டீச்சர் வெளியே வந்து, காலித் தட்டு ஒன்றை முதலாளியின் தலையில் வைத்தார்.

“பிடிச்சுக்கிட்டு வாங்க சார். சுமக்கிறது வேலைதானே?”

நாலு பேரும் மரியாதையாக வழிவிட்டார்கள். உள்ளே ஒரு பன்கூடக் கருகவில்லை. தவசிக்கண்ணைப் போகச் சொல்ல முதலாளிக்கு வழியில்லை.

இன்றைக்கும் முதலாளி தன் அடுப்பறைக்குள் தலையில் காலித் தட்டோடுதான் போகிறார். அந்த வழியைக் காட்டியவர் எஸ்தர் பாக்கியம்.