திருப்பி மாட்டிய படம்

"மேடம், டெக்னீசியன் இன்னைக்கும் இடம் வலம் மாத்தி மாட்டிட்டார்" என்று அலுத்துக்கொண்டார் கதிர்வேலன்.

பதினைந்து வருடம் கிராமத்து ஆஸ்பத்திரியில் வைத்தியம் பார்த்துவிட்டு, நாற்பத்திரண்டு வயதில் எக்ஸ்ரே மேற்படிப்புக்கு வந்தவர். பேராசிரியை ஜெசிந்தா அவரைவிட ஆறு வயது சின்னவர்.

விளக்குப் பெட்டியில் இருந்தது லாரி ஓட்டுநர் பேச்சிமுத்துவின் நெஞ்சுப் படம். மூன்று நாளாக வயிற்று வலி. வலி இடப்பக்கம் என்பதால் வெறும் வாயு என்று சொல்லி, மதியம் வீட்டுக்கு அனுப்பப் போகிறார்கள்.

படத்தில் இதயம் வலப்பக்கம் தெரிந்தது. கதிர்வேலன் அதை உருவித் திருப்பி மாட்டினார். இதயம் இடப்பக்கம் வந்து சமர்த்தாக உட்கார்ந்தது.

ஜெசிந்தா எழுந்து, பழையபடி மாட்டினார்.

கதிர்வேலன் மறுபடி திருப்பினார்.

ஜெசிந்தாவும் விடவில்லை.

"ஓரத்துல எழுத்தைப் பாருங்க, டாக்டர்."

வலப்பக்கம் எது என்று காட்ட, படம் எடுக்கும்போதே வைக்கிற ஈய எழுத்து அது.

"அதையும் தப்பா வெச்சிருப்பார், மேடம்."

ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணல்தானே!

"சரி. படம் தப்பு, எழுத்தும் தப்பு. பேச்சிமுத்துவுமா தப்பு?"

சொல்லிவிட்டு ஜெசிந்தா, பழக்க தோஷத்தில் கதிர்வேலன் கழுத்தில் தொங்கவிட்டிருந்த ஸ்டெதாஸ்கோப்பைச் சுட்டிக் காட்டினார்.

கதிர்வேலன் அரக்கப் பரக்க வார்டுக்கு ஓடினார். பேச்சிமுத்து கட்டிலில் குனிந்து உட்கார்ந்து, துணிமணியைப் பையில் திணித்துக்கொண்டிருந்தார்.

இடது மார்பில் வைத்துக் கேட்டார். துடிப்பு எங்கோ தூரத்தில் கேட்டது. வலது மார்பில் வைத்தார்.

அங்கே திடுதிடுவென்று அடித்துக்கொண்டிருந்தது.

இதயம் இடம் மாறியவருக்கு, வழக்கமாக வலப்பக்கம் இருக்கும் குடல்வாலும் இடப்பக்கம் மாறியிருக்குமே! அடிவயிற்றின் இடப்பக்கத்தை மெல்ல அழுத்தினார்.

"ஐயோ சாமி, அங்கதான்! மூணு நாளாச் சொல்லுதேன், யாரு கேக்கா?"

ஸ்கேன் எடுத்து உறுதி செய்ததும் அறுவைக்குக் கொண்டுபோனார்கள். வெடிக்கக் காத்திருந்த குடல்வால் இடப்பக்கம்தான் இருந்தது.

மறுநாள் காலை கதிர்வேலன் கண் கலங்க வந்து நின்றார்.

"பிழைச்சிட்டார், மேடம். கஞ்சி எப்போ தருவீங்கன்னு கேக்கிறார். இத்தனை வருஷத்துல நான் எத்தனை படத்தைத் திருப்பி மாட்டினேனோ!"

ஜெசிந்தா வேறொரு படத்தை மாட்டினார். இதயம், ஈரல், எழுத்து, எல்லாம் வழக்கமான இடத்தில்.

"இது எப்படி, சரியா இருக்கா?"

கதிர்வேலன் ஸ்டெதாஸ்கோப்பை எடுத்துக்கொண்டார்.

"ஆள் எந்த வார்டுல இருக்கார், மேடம்?"