யாரும் தொடாத மதர்போர்டு

"புது கம்ப்யூட்டர்ல திரையே வரல. அசெம்பிள் பண்ணும்போதே மதர்போர்டைக் கெடுத்துட்ட. பையை எடுத்துக்கிட்டுக் கிளம்பு!" என்று ஸ்டூடியோ முதலாளி தணிகாசலம் கத்தினார். மெக்கானிக் எழிலனுக்கு வேலையே போகிற நிலைமை.

அவன் கம்ப்யூட்டர் பெட்டியைத் திறந்து, உள்ளே டார்ச் அடித்துப் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டான். "நேத்து ஆயுத பூஜைக்கு யாராவது தொட்டாங்களா சார்?"

"சாவி என் இடுப்புல. என்னைத் தவிர ஒரு ஈ உள்ள போகல!"

"அப்போ இங்க பாருங்க." மெமரி மாட்டும் பள்ளத்தில் சந்தனம் அப்பியிருந்தது, அதன்மேல் குங்குமம். "கம்பெனிக்காரன் பொட்டு வெச்சு அனுப்புறதில்ல சார்."

ஸ்டூடியோவே சிரித்தது. எழிலன் மெமரியைக் கழற்றி, பள்ளத்தை ஸ்பிரிட்டால் துடைத்து, மறுபடியும் செருகினான். திரை பளிச்சென்று வந்தது. அப்பாடா, வேலை தப்பியது.

"வெளியில சொல்லிடாத தம்பி," என்றார் முதலாளி.

டீக்கடையில் டீ வருவதற்குள் எழிலன் மூன்று பேரிடம் சொல்லிவிட்டான்.