பல் எடுத்த இடம்

மடத்தில் குருவுக்கு நாற்பது வயது. சீடர் அங்கமுத்துவுக்கு ஐம்பத்திரண்டு. சமையலும் சாமான்களும் அங்கமுத்துவின் பொறுப்பு. அதட்டலும் அவர் பொறுப்புதான். அதை யாரும் கொடுக்கவில்லை, அவரே எடுத்துக்கொண்டார்.

அது தாங்காமல் இளைய சீடன் செங்கோடன் பன்னிரண்டு நாளுக்கு முன் மடத்தை விட்டே போய்விட்டான்.

"அவன் அறை சும்மாதான் கிடக்குதுங்க சாமி. அரிசி மூட்டையை அங்கே போட்டுக்கட்டுங்களா?" என்று கேட்டார் அங்கமுத்து.

குருவுக்குக் கடைவாய்ப் பல்லில் உயிர் போகிற வலி. கன்னத்தைப் பிடித்துக்கொண்டு, "முதல்ல பல் டாக்டர்கிட்ட வாங்க" என்றார்.

சொத்தை முற்றியிருந்தது. டாக்டரம்மா பல்லைப் பிடுங்கிப் போட்டார். அதோடு விடவில்லை. வெள்ளைக் குருணை போல எதையோ குழிக்குள் வைத்து நிரப்பினார்.

அங்கமுத்துவுக்குப் பொறுக்கவில்லை. "பல்லே போயிருச்சு. வெறும் குழிக்கு எதுக்குங்க இத்தனை சீராட்டு?"

"பல் போன இடத்துல தாடை எலும்பு கரைய ஆரம்பிச்சிடும் ஐயா. அப்புறம் புதுப் பல் வைக்கலாம்னு வந்தா, வைக்க எலும்பு இருக்காது. இந்தக் குருணையைப் பிடிச்சுக்கிட்டு இவரோட எலும்பே வளர்ந்துக்கும்."

"புதுப் பல் எப்போங்க?"

"நாலஞ்சு மாசம் ஆகட்டும்."

"அதுவரைக்கும்?"

"அந்தப் பக்கம் முறுக்கு கடிக்காம இருந்தாச் சரி."

குரு பஞ்சைக் கடித்தபடியே மடத்துக்குத் திரும்பினார். அங்கமுத்து விடுகிற மாதிரி இல்லை.

"நீங்க பேச வேண்டாம் சாமி. தலையை ஆட்டினாப் போதும். அந்த மூட்டையை..."

குரு பஞ்சை வெளியே எடுத்தார். "என் அறையில போடுங்க."

"அப்ப நீங்க எங்கே படுப்பீங்க?"

"மூட்டை மேல."

அங்கமுத்து சிரிக்கவில்லை. செங்கோடன் அறை வாசலில் போய் நின்றார். தரையெல்லாம் தூசி. ஜன்னல் ஓரம் எலிப் புழுக்கை.

"அவன் வரமாட்டானுங்க சாமி" என்றார். குரல் இறங்கியிருந்தது. "பந்தியில எல்லாரும் பார்க்க, சோத்துக்கு வந்தவன்னு சொல்லிட்டேன். பாதி இலையில எந்திரிச்சுப் போனான்."

குரு மூலையில் இருந்த விளக்குமாற்றை எடுத்து அவர் கையில் கொடுத்தார்.

"தினமும் கூட்டுங்க."

"எத்தனை நாளைக்குங்க?"

"அவன் வந்துட்டா அவனே கூட்டிக்குவான்."