மொட்டை போட்ட மகாராஜா

காதைக் கொஞ்சம் இப்படிக் கொடுங்கள். மலைக்கும் ஆற்றுக்கும் அப்பால், பனி பெய்கிற ஹங்கேரி தேசத்தை ஒரு காலத்தில் மிக்லோஷ் என்றொரு ராஜா ஆண்டான். நல்ல ராஜா. பசித்தவன் வாசலில் நின்றால் தன் தட்டையே நீட்டிவிடுவான். ஆனால் பிடிவாதம் இருக்கிறதே, அப்பப்பா, சொல்லி மாளாது!

அவன் ஜனங்கள் குதிரைமேலேயே வளர்ந்த முரடர்கள். ராஜா அவர்களுக்குக் கிறிஸ்தவ வேதம் சொல்லிக்கொடுத்தான். பத்து ஊருக்கு ஒரு கோயில் கட்டுங்கள் என்றான். கட்டினார்கள். ஞாயிற்றுக்கிழமை மணி அடித்ததும் பூசைக்கு வாருங்கள் என்றான். அங்கேதான் சிக்கல். குதிரைக்காரன் ஓரிடத்தில் உட்காருவானா?

ராஜா சட்டம் போட்டான். "ஊருக்கு ஒருவர் அடுப்பு நெருப்புக்குக் காவல் இருக்கட்டும். மற்ற எல்லாரும் கோயிலுக்கு வரவேண்டும். வராதவனுக்கு மொட்டை!"

மொட்டை என்றால் நமக்கு வேண்டுதல். அவர்களுக்கோ மானமே போன மாதிரி. தோள்வரை முடி வளர்த்துப் பின்னிக்கொள்கிற கூட்டம் அது. ராஜாவின் சடைதான் எல்லாவற்றிலும் நீளம். தினமும் வெண்ணெய் தடவிச் சீவுவான்.

ஒரு குடியானவன் வந்து அழுதான். "ராஜாவே, என் குதிரை குட்டி போட முடியாமல் தவித்தது. விட்டுவிட்டு வர மனசு வரவில்லை."

"சட்டம் சட்டம்தான்." மொட்டை.

ஒரு பரிசல்காரன் வந்தான். "ஆற்றிலே ஒருத்தன் விழுந்துவிட்டான். இழுத்துப் போடுவதற்குள் நேரமாகிவிட்டது."

"சட்டம் சட்டம்தான்." மொட்டை.

ஒரு மகன் வந்தான். "அம்மாவுக்குக் காய்ச்சல்..." பாவம், முழுதாகச் சொல்லக்கூட விடவில்லை. மொட்டை.

சந்தையில் எங்கே பார்த்தாலும் தலைகள் பளபளத்தன. ராஜாவுக்கோ ஒரே பெருமை. என் சட்டம் நடக்கிற அழகைக் கண்ணாலே பார்க்கிறேன் என்று யாத்திரைக்காரன் வேஷம் போட்டு, சடையைத் தொப்பிக்குள் சுருட்டிக்கொண்டு, ஒரு ஞாயிறு காலை தனியாகக் கிளம்பினான்.

வழியில் ஒரு சிற்றூர். ஊரே பூசைக்குப் போயிருந்தது. இல்கா என்ற விதவை மட்டும் நெருப்புக்குக் காவல். ராஜா மனசுக்குள் மெச்சிக்கொண்டு கோயில் பக்கம் நடந்தான். அந்த நேரம் பார்த்துக் காற்று ஒரு சுழற்று சுழற்றியது. அடுப்பிலிருந்து ஒரு பொறி பறந்து வைக்கோல் கூரையில் விழுந்தது. இல்கா அலறினாள். தூரத்தில் மணியும் அடித்தது.

ராஜா திகைத்துப்போனான். மணி பக்கம் ஓடுவதா, நெருப்புப் பக்கம் ஓடுவதா?

"என்னய்யா மரம் மாதிரி நிற்கிறாய்? வாளியை எடு!" என்று கத்தினாள் இல்கா.

எடுத்தான். கிணற்றுக்கும் கூரைக்கும் ஓடினான், ஓடினான், இன்னும் ஓடினான். ஒரு மாட்டுக்கொட்டகை கருகியது, ஊர் பிழைத்தது. அதற்குள் பூசை முடிந்துவிட்டது.

ஊர் மணியக்காரன் பாலிந்த் ஜனங்களோடு திரும்பினான். முகமெல்லாம் கரியாக நின்ற அந்நியனைப் பார்த்தான்.

"காவலுக்கு ஒருத்திதானே? நீ பூசைக்கு வந்தாயா?"

"வரவில்லை."

"அப்படியானால் உட்கார். மொட்டை."

இல்கா குறுக்கே பாய்ந்தாள். "மணியக்காரரே, இவர் இல்லாவிட்டால் உங்கள் வீடு இந்நேரம் சாம்பல்! நன்றிகெட்டத்தனமாக இருக்கிறதே!"

பாலிந்தின் கண் கலங்கியது. "எனக்கு மட்டும் மனசு இல்லையா, அம்மா? ஆற்றில் விழுந்தவனைக் காப்பாற்றினானே ஒரு பரிசல்காரன், அவன் என் கூடப்பிறந்த தம்பி. அவனுக்கும் இந்தக் கையால்தான் மழித்தேன். ராஜாவிடம் யார் பேசுவது? அந்த மனுஷனுக்குக் காதே கிடையாது."

ராஜாவுக்கு வெட்கம் பிடுங்கித் தின்றது. நான்தான் ராஜா என்று ஒரு வார்த்தை சொன்னால் போதும், சடை தப்பிக்கும். சொல்ல வாயெடுத்தான், குடியானவனின் அழுகை கேட்டது. மறுபடி வாயெடுத்தான், எதிரே பரிசல்காரனின் அண்ணன் நின்றான். மூன்றாம் தரம் வாயெடுத்தான். பாதியில் நிறுத்தப்பட்ட அந்த மகன் நினைவுக்கு வந்தான்.

ராஜா தொப்பியைக் கழற்றினான். சடை இடுப்புவரை சரிந்தது.

"மழித்துவிடு, அப்பா" என்றான்.

மறுநாள் சபையில் மொட்டைத் தலையோடு வந்து உட்கார்ந்தான். மந்திரிகள் வெலவெலத்துப்போனார்கள். ராணி மட்டும் விழுந்து விழுந்து சிரித்தாள். ராஜாவும் தலையைத் தடவிக்கொண்டே சிரித்தான். அப்புறம் அந்த மூன்று பேரையும் வரவழைத்து, சபை நடுவில் மன்னிப்புக் கேட்டான். மொட்டைச் சட்டத்தைக் கிழித்துப் போட்டான். ஆபத்தில் இருப்பவனுக்குக் கைகொடுக்க நின்றவன் பூசைக்கு வந்தவனே என்று புதிதாக எழுதினான். அடுத்த ஞாயிறு, யாரும் மிரட்டாமலே கோயில் நிரம்பி வழிந்தது.

காலம் போனது. ராஜா இறந்தபின் ஜனங்கள் அவனைப் புனிதர் என்று கொண்டாடினார்கள். தச்சன் ஒருவன் நீளச் சடையோடு சிலை செதுக்கி இல்காவின் ஊருக்குக் கொண்டுவந்தான். கிழவியாகிவிட்ட இல்கா மேலும் கீழும் பார்த்தாள்.

"யாரய்யா இது? எங்கள் புனிதருக்கு முடி கிடையாது. கொண்டுபோய்ச் சிரைத்துக்கொண்டு வா!" என்று திருப்பி அனுப்பிவிட்டாள்.

ஊரார் தலைக்குச் சட்டம் எழுதுகிறவன், முதலில் தன் தலையை அதற்குக் கீழே நீட்டிப் பார்க்க வேண்டும்.