கண் மூடாத தெம்போ

மலாவி நாட்டில் ஷிரே ஆற்றங்கரையில் ஒரு சின்னப் பள்ளிக்கூடம். பக்கத்திலேயே தகரக் கூரை போட்ட கோயில். இரண்டையும் பார்த்துக்கொண்டவர் ஜெபக்கனி டீச்சர். நம்ம ஊர் நாசரேத் பக்கத்துப் பெண். முப்பத்தைந்து வயசுக்குள்தான் இருக்கும்.

காலையில் மரத்தில் தொங்கும் பழைய லாரி ரிம்மை இரும்பால் அடிப்பார். அதுதான் பள்ளிக்கூட மணி. பிள்ளைகளுக்கு மக்காச்சோளக் கஞ்சி, அப்புறம் கணக்கு, அப்புறம் காய்ச்சல்காரர்களுக்கு மாத்திரை, சாயங்காலம் ஞானஸ்நான வகுப்பு. சனிக்கிழமை கோயிலைக் கூட்டுவதும் அவர்தான். ஊழியம் என்றால் பெரும்பாலும் விளக்குமாறு என்று சிரிப்பார்.

அவரிடம் ஊழியம் பழக ஊரிலிருந்து ஒருவர் வந்து சேர்ந்தார். தங்கையா சார். திசையன்விளைப் பக்கம் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். டீச்சருக்கு அப்பா வயசு. நல்ல மனுஷர். ஆனால் எதைப் பார்த்தாலும் உடனே திருத்தியாக வேண்டும் அவருக்கு.

வந்த வாரமே கேட்டார்.

"டீச்சர், அந்தத் தெம்போ யாரு?"

"இந்த ஊர்க்காரர் சார். மீன் பிடிக்கிறவர்."

"எல்லா ஆராதனைக்கும் வாறாரு. எல்லாப் பாட்டும் பாடுதாரு. ஆனா ஞானஸ்நானம் எடுக்கலைன்னு சொல்லுதாங்க. இத்தனை வருஷமா நீங்க ஏன் விட்டு வச்சிருக்கீங்க?"

டீச்சர் பேச்சை மாற்றினார். "ஞாயித்துக்கிழமை ஆத்துல ஞானஸ்நானம் இருக்கு சார். ஜெபம் நீங்க பண்ணுங்க" என்றார்.

சாருக்குச் சந்தோஷம். முன்கூட்டியே வெள்ளைச் சட்டையைத் துவைத்துக் காயப்போட்டார்.

ஷிரே ஆற்றில் முதலை உண்டு. ஆனாலும் அந்த ஊரில் ஞானஸ்நானம் என்றால் ஆற்றில் இறங்கித்தான் முங்க வேண்டும். ஊரே கரையில் நின்று பார்க்க வேண்டும். தொட்டியில் கொடுத்தால் ஒருவரும் ஒத்துக்கொள்ள மாட்டார்கள். அதனால் அதற்கென்று ஒரு முறை வைத்திருந்தார்கள். முதலில் வாலிபர்கள் கம்பால் தண்ணீரை அடித்துக் கலக்குவார்கள். பிறகு தெம்போ நீளக் கம்போடு கரைமேட்டில் ஏறி நிற்பார். எல்லாம் முடியும்வரை ஆற்றை விட்டுக் கண்ணை எடுக்க மாட்டார். அவர் கத்தினால் எல்லாரும் கரைக்கு ஓடி வர வேண்டும்.

இதைக் கேட்டதும் சார் முகம் சுளித்தார்.

"என்ன டீச்சர் இது? தானியேலைச் சிங்கக் கெபியில காப்பாத்தின தேவன் நம்மளைக் காப்பாத்த மாட்டாரா?"

"தானியேல் தானா இறங்கல சார். புடிச்சுப் போட்டாங்க."

ஞாயிற்றுக்கிழமை வந்தது. ஞானஸ்நானம் கொடுக்க வந்திருந்த பாஸ்டர் கலூவா இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார். ஞானஸ்நானம் பெறுகிறவர்கள் அவருக்குப் பின்னால் கைகோத்து நின்றார்கள். முதலில் நின்றவள் எஸ்நாத்தி. புருஷன் வீட்டில் அவளைக் கோயிலுக்கு விடுவதே பெரிய பாடு. மாமியாரும் மச்சினன்மாரும் கரையில் கையைக் கட்டிக்கொண்டு நின்றார்கள். இன்றைக்கு ஒரு தடவை மட்டும் என்று சொல்லித்தான் அனுப்பியிருந்தார்கள்.

ஜெபம் பண்ணுகிறவரும் தண்ணீரில் நிற்க வேண்டும். தங்கையா சார் இறங்கினார். தொண்டையைச் செருமினார். கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பள்ளிக்கூடப் பழக்கம்.

எல்லாரும் கண்ணை மூடியிருந்தார்கள். தெம்போ மட்டும் மூடவில்லை. அதோடு கடலை வேறு தின்றுகொண்டிருந்தார். தோலைத் துப்பினார்.

"டீச்சர், அவரைக் கண்ணை மூடச் சொல்லுங்க."

டீச்சர் அதை அப்படியே சிச்சேவா மொழியில் சொன்னார். தெம்போ ஆற்றைப் பார்த்தபடியே பதில் சொன்னார்.

"என்ன சொல்லுதாரு?"

"நீங்க மூடிக்கிடுங்கன்னு சொல்லுதாரு."

வாலிபர்கள் சிரித்துவிட்டார்கள். சாருக்குச் சுருக்கென்றது.

"ஜெப நேரத்துல ஒரு ஒழுங்கு வேண்டாமா? ஜெபிக்காத ஆள் இங்க நிக்கக் கூடாது. சொல்லுங்க டீச்சர்."

"சொல்லணுமா சார்?"

"சொல்லுங்க."

டீச்சர் ஒரு வார்த்தை குறைக்காமல் சொன்னார். தெம்போவின் வாய் நின்றது. மிச்சக் கடலையைச் சட்டைப்பையில் போட்டார். கம்பைத் தோளில் வைத்துக்கொண்டு மேட்டை விட்டு இறங்கினார். தூரத்து மாமரத்துக்குப் போய், ஆற்றுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்துவிட்டார்.

சார் கண்ணை மூடி ஜெபத்தை ஆரம்பித்தார்.

குரல் கணீரென்றுதான் இருந்தது. ஆபிரகாமில் தொடங்கி, செங்கடலைத் தாண்டி, யோர்தானுக்கு வந்தார். நடுவில் டீச்சர் "சார், வெளிய வாங்க" என்றார். ஜெபத்தில் குறுக்கே பேசுகிறாரே என்று சார் கையைக் காட்டி அடக்கினார். டீச்சர் மறுபடியும் கூப்பிட்டார். சார் குரலை இன்னும் உயர்த்தி ஜெபித்து முடித்தார்.

"ஆமென்!"

பதிலுக்கு ஆமென் வரவில்லை.

கண்ணைத் திறந்தார். பாஸ்டர் கலூவா கரையில் நின்று அங்கியைப் பிழிந்துகொண்டிருந்தார். எஸ்நாத்தி கரையில். எல்லாருமே கரையில். அவ்வளவு பெரிய ஆற்றில் சார் ஒருத்தர்தான் இடுப்பளவுத் தண்ணீரில் நின்றார்.

காலில் ஏதோ உரசியது. பாசிதான். ஆனால் அதைப் பாசி என்று அவர் தெரிந்துகொண்டது கரைக்கு வந்து சேர்ந்த பிறகுதான்.

"ஏன் எல்லாரும் ஏறிட்டாங்க?" மூச்சு வாங்கக் கேட்டார்.

"தெம்போ இல்லைன்னா இறங்க மாட்டாங்க சார்."

எஸ்நாத்தியின் மாமியார் ஏதோ சொல்லிவிட்டு வீட்டுப் பக்கம் திரும்பினாள். மச்சினன்மார் எஸ்நாத்தியைப் பார்த்துத் தலையை அசைத்தார்கள். அவள் நகரவில்லை. ஈரத் துணியோடு டீச்சரைப் பார்த்தாள். அழவில்லை. அழுதிருந்தால்கூடச் சாருக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அந்தம்மா என்ன சொன்னாங்க?"

"அவ்வளவுதானே, வா போவோம்னாங்க. இனிமே விட மாட்டாங்க சார்."

"அப்ப தெம்போவைக் கூப்பிடுங்க டீச்சர். சீக்கிரம்."

"அனுப்பினது நீங்க."

"எனக்குப் பாஷை தெரியாதே."

"பெபானி. மன்னிச்சிருங்கன்னு அர்த்தம். அந்த ஒரு வார்த்தை போதும்."

சார் நடந்தார். செருப்பு கரையில் கிடந்தது, அதைக்கூடப் போடவில்லை. வெள்ளைச் சட்டையிலிருந்து சேற்றுத் தண்ணீர் சொட்டியது. ஊரே பார்த்துக்கொண்டிருந்தது. எத்தனையோ பிள்ளைகளை முட்டி போட வைத்த மனுஷர், அந்த மாமரத்துக்கு முன்னால் போய் நின்றார்.

"பெபானி."

தெம்போ திரும்பவில்லை.

"பெபானி, பெபானி" என்றார் சார். வேறு வார்த்தை தெரியாது. அதனால் கையெடுத்துக் கும்பிட்டார்.

தெம்போ அப்போதுதான் திரும்பினார். அவரை மேலிருந்து கீழ்வரை பார்த்தார். ஏதோ சொன்னார். பின்னாலேயே வந்திருந்த டீச்சருக்குச் சிரிப்பு வந்துவிட்டது.

"என்ன டீச்சர்?"

"உங்க சத்தத்துக்கு முதலை எல்லாம் அடுத்த ஊருக்கு ஓடியிருக்குமாம். இருந்தாலும் எஸ்நாத்திக்காக வாறாராம்."

தெம்போ எழுந்தார். பையிலிருந்த கடலையில் பாதியைச் சார் கையில் கொட்டினார். மேட்டில் ஏறினார். வாலிபர்கள் தண்ணீரை அடித்தார்கள். சார் மறுபடியும் ஜெபித்தார். இந்தத் தடவை ஆபிரகாம் வரவில்லை. ரெண்டே வரி. எஸ்நாத்தி முங்கி எழுந்தபோது, போன மாமியார் பாதி வழியில் நின்று திரும்பிப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

வீட்டுக்குத் திரும்பும் வழியில் சார் தெம்போ கொடுத்த கடலையைத் தின்றபடி நடந்தார். பள்ளிக்கூடம் கண்ணில் பட்டதும் கேட்டார்.

"இப்படிப்பட்ட மனுஷனுக்கு ஞானஸ்நானம் எடுக்க ஆசையே இல்லையா டீச்சர்?"

"ஆசையா? ஒவ்வொரு வருஷமும் கேக்காரு."

"பிறகு என்ன தடை?"

"அவர் தண்ணிக்குள்ள இறங்குத அன்னைக்குக் கரையில யாராவது நிக்கணும்லா சார்."

"ஏன், நீங்க நிக்கலாமே?"

"நின்னு பாத்தேன். ஜெபம்னு சொன்னதும் கண்ணு தானா மூடிக்கிடுது. இங்க எல்லாருக்கும் அப்படித்தான். அவரு பாத்துக்கிடுவாருன்னு பழகிட்டோம்."

சார் நின்றார்.

டீச்சரும் நின்றார். "பரீட்சை ஹால்ல வருஷக்கணக்கா கண் கொட்டாம நின்ன ஆளுதானே சார் நீங்க?"