சத்தமில்லாத வெடி

“என் வெடியில உயிரே இல்ல, மேடம்” என்றான் தணிகைவேல்.

மெஹருன்னிசா திரும்பிப் பார்த்தார். குழந்தைகளுக்கான வீடியோ கேம்கள் செய்யும் ஸ்டூடியோ அது. புகை, நெருப்பு, தண்ணீர், வெடி, இவற்றை வரைவதில் அவரை மிஞ்ச அங்கே ஆள் இல்லை. தணிகைவேல் அவரைவிட வயதில் மூத்தவன். விளம்பர வேலையை உதறிவிட்டு, இதைக் கற்றே தீருவது என்று அவரிடம் வந்து சேர்ந்தவன்.

வரைந்ததைத் திரையில் ஓட்டிக் காட்டினான்.

முயலின் கேரட் கிடங்கு வெடிக்கிறது. மஞ்சளாக ஒரு நட்சத்திரம். உருண்டை உருண்டையாகப் புகை. புகை விலகியதும், முகமெல்லாம் கரியோடு முயல் கண்ணைச் சிமிட்டுகிறது.

“எல்லாம் இருக்கு. ஆனா வெடிக்க மாட்டேங்குது.”

மெஹருன்னிசா எழுந்து அவன் முதுகுக்குப் பின்னால் போனார். காதருகே படாரென்று கை தட்டினார்.

அவன் நாற்காலியிலிருந்து துள்ளினான்.

“இப்ப என்ன பார்த்தீங்க?”

“ஒண்ணும் பார்க்கலையே!”

“அதை வரைங்க.”

அவ்வளவுதான். தன் இடத்துக்குப் போய்விட்டார்.

பார்க்காத ஒன்றை எப்படி வரைவது? தணிகைவேல் வெகுநேரம் யோசித்தான். நிஜ வெடியை நான் கண்ணால் பார்த்ததே இல்லை, அதைத்தான் குத்திக் காட்டுகிறார் என்று முடிவுக்கு வந்தான்.

போனில் தேடினான். கிடைத்தது.

தெற்கே ஏதோ ஒரு பட்டாசு ஆலை. தூரத்திலிருந்து யாரோ கை நடுங்க எடுத்த வீடியோ. பட்டப்பகல். வெள்ளைப் புகை குபுகுபுவென்று எழுந்து, இடப்பக்கம் சாய்ந்து, இரண்டாகப் பிளந்தது. அதற்குள்ளே பச்சையும் சிவப்புமாகப் பொறிகள் பூத்தன.

அழகாக இருந்தது.

வீடியோ எடுத்தவரின் பக்கத்தில் யாரோ அலறிக்கொண்டே இருந்தார்கள். வரைவதற்கு அது இடைஞ்சலாக இருந்தது. சத்தத்தை நிறுத்தினான்.

பிறகு கை தானாக ஓடியது. வீடியோவைக் கொஞ்சம் கொஞ்சமாக நகர்த்தி, புகையின் ஓரத்தை அப்படியே எடுத்தான். ஓரங்களை உருட்டினான். நிறத்தைக் கூட்டினான். ஆலை நின்ற இடத்தில் முயலின் கிடங்கை வைத்தான்.

எல்லோரும் கூடிப் பார்த்தார்கள். யாரோ விசிலடித்தார்கள்.

“பிரமாதம்” என்றார் மெஹருன்னிசா.

அந்த வார்த்தையை அவர் வாயால் அவன் கேட்டதே இல்லை. அன்று முழுக்க அவனுக்குக் கால் தரையில் பாவவில்லை.

மறுநாள் காட்சி மாரீஸ்வரியிடம் போனது. ஒலி சேர்ப்பவள் அவள். தன் வெடிக்கு அவள் என்ன சத்தம் போடப்போகிறாள் என்று பார்க்கும் ஆசையில், அவனும் போய்ப் பக்கத்தில் நின்றான்.

அவள் ஓட்டினாள். நிறுத்தினாள். மறுபடி முதலிலிருந்து ஓட்டினாள்.

“ரெண்டாவது எங்க, சார்?”

“எது?”

“ரெண்டாவது வெடி. புகை சாஞ்சு ரெண்டாப் பிரிஞ்சதும், பின்னாடி இன்னொண்ணு வெடிக்குமே.”

வீடியோவில் அது இருந்தது. கேமுக்கு ஒன்றே போதும் என்று விட்டிருந்தான்.

“உங்களுக்கு எப்படி…”

“எங்க ஊரு, சார்.”

அவள் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை.

“முதல் சத்தத்துக்கு நிறையப் பேரு வெளிய ஓடி வந்துட்டாங்க. எங்க அத்தையும் வந்துட்டாங்க. கூட வேலை பார்த்த பிள்ளைக உள்ள மாட்டிக்கிச்சுன்னு திரும்ப உள்ள போனாங்க. அப்பத்தான் ரெண்டாவது.”

அப்போதுதான் அவள் அவன் பக்கம் திரும்பினாள்.

“அந்த வீடியோவை நீங்க சத்தத்தோட பார்த்தீங்களா, சார்?”

“இல்ல” என்றான்.

அவள் தலையாட்டினாள். ஹெட்போனை எடுத்து மாட்டிக்கொண்டாள்.

“முயல் கண்ணைச் சிமிட்டுதுல்ல, அதுக்கு என்ன சத்தம் போடட்டும்? ‘டொய்ங்’னு போட்டா சரியா இருக்குமா?”

அதில் குத்தல் இல்லை. வேலையைத்தான் கேட்டாள்.

அவனால் அங்கே நிற்க முடியவில்லை. கழிவறைக்குப் போய் முகத்தில் தண்ணீரை அடித்துக்கொண்டான். எதிரே கண்ணாடி இருந்தது. குனிந்தபடியே வெளியே வந்தான். தன் கணினிக்குப் போய், வரைந்ததை எல்லாம் அழித்தான். அழித்த பிறகும் உடம்பு கூசியது.

மெஹருன்னிசாவின் எதிரில் போய் நின்றான். நடந்ததைச் சொன்னான். சத்தத்தை நிறுத்தியதைச் சொல்லும்போது மட்டும் குரல் எழும்பவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

அவர் கேட்டு முடித்தார்.

“பிரமாதம்னு சொன்னவ நான்” என்றார். “இது எங்கிருந்து வந்துச்சுன்னு ஒரு வார்த்தை கேக்கல.”

அவர் தலையும் குனிந்திருந்தது. அதைப் பார்க்க அவனுக்கு இன்னும் வெட்கமாக இருந்தது.

“டைரக்டர்கிட்ட ரெண்டு பேரும் சேர்ந்தே போவோம். என் பங்கை நான் சொல்லிக்கிறேன்.”

“மாரீஸ்வரிகிட்ட என்ன சொல்றது, மேடம்?”

மெஹருன்னிசா நிமிர்ந்து பார்த்தார்.

“மன்னிப்புக் கேட்டா, ‘பரவாயில்ல சார்’னு சொல்லிடுவாங்க. அவங்க அப்படித்தான். அதைக் காதால கேக்குற தெம்பு எனக்கு இல்ல. நான் என்னதான் செய்யட்டும்?”

“அத்தை பேரு என்ன?”

“மாரீஸ்வரியோட…”

“அத்தையோட பேரு.”

தணிகைவேல் வாயைத் திறந்தான். அந்தப் புகையின் ஒவ்வொரு சுருளும் அவனுக்கு மனப்பாடம். எது முதலில் கலைந்தது, எது கடைசிவரை நின்றது, எங்கே சாம்பல் நிறம் கறுப்பானது, கண்ணை மூடிக்கொண்டும் சொல்வான்.

வாயை மூடினான்.

திரும்பி நடந்தான். மாரீஸ்வரியின் மேசைக்குப் போகும் வழி அன்று நீண்டுகொண்டே போனது.

அவன் நிழல் திரையில் விழுந்ததும் அவள் ஹெட்போனைக் கழற்றினாள்.

“உங்க அத்தை பேரு என்ன, மாரீஸ்வரி?”

அவள் அவன் முகத்தையே பார்த்தாள். எதற்குக் கேட்கிறான் என்று தேடுவதுபோல் பார்த்தாள்.

“பஞ்சவர்ணம்” என்றாள்.

சொல்லிவிட்டு, அவன் போவதற்காகக் காத்திருந்தாள்.

தணிகைவேல் போகவில்லை. பக்கத்தில் கிடந்த நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தான்.

“உள்ள இருந்த பிள்ளைக பேரு?”