ஆமைக்குஞ்சுகள் சொன்ன புகார்

தணிகாசலத்தின் கடற்கரை விடுதியில் எரிந்த விளக்குகளைப் பார்த்தால், அந்தப் பக்கம் நிலவுக்கு வேலையே இல்லை என்று தோன்றும்.

பக்கத்துக் கடலாமைப் பொரிப்பகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த சுகந்தி அவரிடம் போனாள். "சார், குஞ்சுங்க வெளிச்சம் இருக்கிற பக்கம்தான் கடல்னு நினைக்கும். உங்க விளக்கைப் பார்த்துக் கரையேறிச் செத்துப்போகுது. பொழுது சாஞ்சதும் அணைச்சிடுங்க."

விருந்தாளிகள் சூழ்ந்திருந்ததால் தணிகாசலத்துக்கு நகைச்சுவை பொங்கியது. "ஏம்மா, கஷ்டம் ஆமைக்கா, உனக்கா? ஆமையே வந்து எங்கிட்ட சொல்லட்டும், அணைக்கிறேன்!"

"சரி சார். நாளைக்குச் சாயங்காலம் உங்க விடுதி முன்னாடிதான் குஞ்சுகளைக் கடல்ல விடறோம். நீங்கதான் சிறப்பு விருந்தினர்."

அந்தப் பட்டத்தை மறுத்த முதலாளியை வரலாறு இன்னும் பதிவு செய்யவில்லை. மறுநாள் இருட்டத் தொடங்கியபோது, தணிகாசலம் மாலையும் கழுத்துமாக விடுதி வாசல் மணலில் நாற்காலி போட்டு அமர்ந்திருந்தார். சுகந்தி கூடையைச் சாய்த்தாள். குஞ்சுகள் சற்றே தயங்கிவிட்டு, கடலுக்கு முதுகைக் காட்டி, நேராக அவர் காலடிக்கு வந்தன. ஒன்று செருப்பின் மேலேயே ஏறியது.

அவர் பதறிக் காலைத் தூக்கிக்கொண்டார். "என்னம்மா இது? இதுங்களுக்கு என்ன வேணும்?"

"நீங்க வரச் சொன்னீங்களாம் சார். புகார் சொல்ல வந்திருக்கு."

விருந்தாளிகள் சிரித்த சிரிப்பில் அலைச்சத்தம் கேட்கவில்லை. "விளக்கை அணைங்கப்பா!" என்று கத்தினார் தணிகாசலம்.

விடுதி இருண்டது. குஞ்சுகள் மெல்லத் திரும்பின. கடைசிக் குஞ்சு அலையைத் தொடும்வரை, எதையும் மிதித்துவிடாமல், காலைத் தூக்கியபடியே சிறப்பு விருந்தினர் விழாவுக்குத் தலைமை தாங்கினார்.